ரசீதில் இல்லாத கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகராட்சிகளிலும் வீடோ கடையோ ஆலையோ காலிமனையோ வைத்திருப்பவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாவது. நகராட்சி தானே விதித்துத் தானே வசூலித்துத் தன் எல்லைக்குள்ளேயே செலவழிக்கும் வருவாய்களில் இதுவே முதன்மையானது. தெருவிளக்கு, குப்பை அகற்றுதல், சாக்கடை, ஊழியர் சம்பளம் எல்லாம் இதை நம்பித்தான் நடக்கின்றன.

நிலம், கட்டடம் ஆகியவற்றின் மீதான வரி அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 49-ஆவது இனமாக இருக்கிறது. நகராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி தந்து, 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தத்துக்குப் பிறகும் நகராட்சிக்குத் தானாக எந்த வரி அதிகாரமும் வந்துவிடவில்லை. எதை விதிக்கலாம், எந்த முறையில் விதிக்கலாம் என்பதைச் சட்டமன்றம்தான் சொல்ல வேண்டும். வரி உயரும்போது ஊரார் நகர்மன்றத் தலைவரையும் வார்டு கவுன்சிலரையும் திட்டுகிறார்கள். உயர்வின் அளவோ பெரும்பாலும் தலைமைச் செயலகத்திலிருந்து அரசாணையாக வருகிறது. மன்றத்துக்கு மிஞ்சுவது தீர்மானம் நிறைவேற்றும் வேலை.

முன்பு இந்த இரு நகராட்சிகளையும் ஆண்டது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதற்கு மாற்றாக 1998-இல் இயற்றிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2000-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக அலமாரியில் கிடந்தது. 2023-ஆம் ஆண்டின் விதிகளோடு சேர்ந்து, அவ்வாண்டு ஏப்ரல் 13 முதல் அதுவே நடைமுறைச் சட்டம். ஆனால் இன்று இரு ஊர்களிலும் வசூலாகும் வரித்தொகையின் அடித்தளம் பழைய சட்டத்தின் கீழ் போடப்பட்டது. ஆகவே பழைய சட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய சட்டம் வீட்டின் விலையைப் பார்க்கவில்லை, வாடகையைப் பார்த்தது. ஒரு கட்டடம் நியாயமாக என்ன வாடகைக்குப் போகுமோ அதன் ஓராண்டுத் தொகையை எடுத்துக்கொண்டு, அதில் கட்டடத்துக்கு மட்டும் உரிய பங்கில் பத்து விழுக்காட்டைப் பழுதுபார்ப்புச் செலவுக்காகக் கழித்தால் கிடைப்பது ஆண்டு மதிப்பு. நிலத்துக்கு உரிய பங்கில் கழிவு கிடையாது, நிலம் பழுதாவதில்லை. இந்த வாய்பாடு இங்கிலாந்தில் 1836-இல் வந்த மதிப்பீட்டுச் சட்டத்தின் வார்ப்பு. அந்நாட்டுத் திருச்சபைப் பங்குகள் ஏழைகளின் பராமரிப்புக்காக வசூலித்த வரிக்கு எழுதிய இலக்கணம், சென்னை மாகாண நகராட்சிச் சட்டங்கள் வழியாக விழுப்புரத்துக்கும் வந்து சேர்ந்தது.

வாடகையை அடிப்படையாகக் கொண்டதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. குண்டூர் நகராட்சிக்கும் அவ்வூர் வரிசெலுத்துவோர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-இல் தீர்ப்பளித்தது. குண்டூர் முன்பு சென்னை மாகாணத்தில் இருந்த ஊர். ஆகவே அங்கே விவாதிக்கப்பட்டதும் இதே 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் கட்டடத்துக்கு, அச்சட்டப்படி அமையும் நியாய வாடகையைத் தாண்டி ஆண்டு மதிப்பை நிர்ணயிக்க முடியாது என்றது நீதிமன்றம். சந்தையில் வாடகை எவ்வளவு ஏறினாலும் வரிப் புத்தகத்தில் ஏறாது என்ற நிலை உண்டானது. வாடகைக் கட்டுப்பாட்டால் குறுகிய இந்த அடிப்படையை விட்டு வெளியேறப் பிற நகரங்கள் வேறு வழி தேடின. டெல்லி 2004-இலும் பெங்களூரு 2008-இலும் சதுர அடி அலகு மதிப்புக்கு மாறின. மும்பை 2010-இல் சொத்தின் மூலதன மதிப்புக்கே போய்விட்டது. தமிழ்நாடு வாடகை மதிப்பு என்ற பெயரை வைத்துக்கொண்டு, அதற்குள் சதுர அடிக் கணக்கை நுழைத்துக்கொண்டது.

அந்தக் கணக்கு நடப்பது இப்படித்தான். நகரின் தெருக்களை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஓர் அடிப்படை மதிப்பை நகர்மன்றம் நிர்ணயிக்கிறது. விழுப்புரத்தில் நேருஜி சாலைக் கடைக்கு ஒரு மதிப்பு, சாலாமேட்டு வீட்டுக்கு இன்னொன்று. திண்டிவனத்தில் நேரு வீதிக்கு ஒன்று, ரோஷணைக்கு வேறொன்று. சங்க காலத்தில் குறுநில மன்னன் நல்லியக்கோடனின் ஊராக இருந்த கிடங்கில்தான் இன்றைய திண்டிவனத்தின் கிடங்கல் பகுதி. மதிப்பீட்டுப் பதிவேட்டில் பழம்பெருமைக்குக் கட்டம் இல்லை, தெருவின் வாடகைக்குத்தான் உண்டு. அடுத்து, கட்டடம் கான்கிரீட் தளமா, ஓடா, ஆஸ்பெஸ்டாஸ் கூரையா, கீற்றா என்று பார்ப்பார்கள். குடியிருப்பா, வணிகமா, தொழிற்சாலையா என்பது மூன்றாவது கேள்வி. கட்டடத்தின் வயதும், உரிமையாளர் தாமே குடியிருக்கிறாரா என்பதும் கழிவுக்காகக் கேட்கப்படுவதுண்டு.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை வீடு. ஆயிரம் சதுர அடி. அடிப்படை மதிப்பு சதுர அடிக்கு மாதம் 1 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதில் 9,000 கட்டடத்துக்கு உரியது என்று கொண்டால் பத்து விழுக்காடான 900-ஐக் கழித்து, ஆண்டு மதிப்பு 11,100 என்றாகும். வரிவீதம் மொத்தம் 20 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 2,220, அரையாண்டுக்கு 1,110 ரூபாய். பள்ளிப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. ஆனால் கையில் கிடைக்கும் ரசீதில் இந்த வரிகளில் ஒன்றுகூட இருப்பதில்லை. வரிவிதிப்பு எண், பெயர், அரையாண்டு, தொகை, அவ்வளவுதான். மளிகைக் கடைக்காரர்கூடப் பருப்புக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு என்று சீட்டில் எழுதித் தருகிறார்.

வரிவீதம் என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும் அதற்குள் பல வரிகள் அடங்கியிருந்தன. பொது நோக்க வரி, குடிநீர் மற்றும் வடிகால் வரி, விளக்கு வரி, துப்புரவு வரி என்று பழைய சட்டம் பிரித்தது. கல்வி வரி தனிச் சட்டத்தின்படி சேர்ந்தது. இவற்றோடு நூலக வரியும் உண்டு. இப்போது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது அது. அச்சட்டம் வந்தபோது சென்னை மாகாணத்தின் முதன்மையமைச்சர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், கல்வியமைச்சர் அவினாசிலிங்கம். ஓமந்தூர் திண்டிவனத்தை அடுத்த கிராமம். அந்த மண்ணில் வரி கட்டுபவர்கள், அவர் ஆட்சியில் வந்த சட்டத்தின் பெயரால் ஒவ்வொரு அரையாண்டும் நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நகராட்சி இந்தத் தொகையை வாங்கி நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டியது. தன் செலவுக்கு வைத்துக்கொள்ள உரிமை இல்லை. உள்ளாட்சிகள் இதை நிலுவை வைப்பதும் நூலகத்துறை அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் தமிழ்நாட்டில் பழகிப்போன காட்சி.

குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம், தொழில் வரி ஆகியவை சொத்து வரியைச் சேர்ந்தவை அல்ல. ஒரே கவுன்டரில் வாங்குவதால் பலர் இவற்றை ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். சொத்து வரியைக் கட்டிவிட்டு, குடிநீர்க் கட்டண நிலுவைக்காக இணைப்பைத் துண்டித்தார்கள் என்று சண்டைக்கு வருவது அதனால்தான்.

கணக்கின் வாய்பாடு தெளிவு. சீர்கெட்டது அடிப்படை மதிப்பில். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொதுச் சீராய்வு என்பது ஏட்டளவிலான ஒழுங்கு. நடப்பில் 1998-இல் ஒன்று, 2008-இல் ஒன்று. 2018 ஜூலையில் குடியிருப்புகளுக்கு 50 விழுக்காட்டுக்கும் மற்றவற்றுக்கு 100 விழுக்காட்டுக்கும் மிகாமல் உயர்த்த ஆணை வந்தது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களின் பணம் வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளப்படும் என்றார்கள். பிறகு, 2022 ஏப்ரல் முதல் பெரிய உயர்வு. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து உயர வேண்டும் என்று 15-ஆவது நிதி ஆணையம் விதித்த நிபந்தனையை அரசு காரணமாகக் காட்டியது.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு உயர்வு. தொழிற்சாலைகளுக்கும் சுயநிதிக் கல்வி நிலையங்களுக்கும் 75, வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு. சிறிய வீட்டுக்குச் சிறிய சுமை என்பது நல்ல நோக்கம். செய்த முறையில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, படிக்கட்டு. முன்பு அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய 1,200 சதுர அடி வீடு 1,500 ரூபாய்க்குப் போனது. ஒரு சதுர அடி கூடுதலாக இருந்து அதே 1,000 ரூபாய் கட்டிய வீடு 1,750-க்குப் போனது. மாடிப்படிக்கு மேலே போட்ட ஒரு சிறு தகரக் கொட்டகை அளவில் சேருமா சேராதா என்பது இதனால் பணப் பிரச்சினையாகிறது. எல்லையில் நிற்கும் வீட்டை அளக்க வருபவரின் நாடா எந்தப் பக்கம் தளர்கிறது என்பதும் அப்படியே.

இரண்டாவது குறைதான் ஆழமானது. விழுக்காட்டு உயர்வு எதன் மீது ஏறியது? ஏற்கெனவே இருந்த வரியின் மீது. அந்த வரி சரியாக இருந்ததா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. 1993 செப்டம்பரில் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது. அதன் பின் ஆட்சியர் அலுவலகமும் புதிய பேருந்து நிலையமும் அமைந்த திருச்சி சாலைப் பக்கம் வாடகை எங்கேயோ போய்விட்டது. பழைய கடைவீதியின் நிலை வேறு. திண்டிவனத்தில் சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை சாலைகள் கூடுவதால் சாலையோர இடங்களின் மதிப்பு உள்தெருக்களோடு ஒப்பிட முடியாதபடி மாறியது. இந்த மாற்றங்களைத் தெருத் தெருவாக அளந்து மதிப்பைத் திருத்துவதே சீராய்வு. அதற்குப் பதிலாகப் பழைய தொகையை 1.5 ஆலும் 2 ஆலும் பெருக்கினால், முன்பு குறைவாகக் கட்டியவர் இப்போதும் ஒப்பீட்டில் குறைவாகவே கட்டுவார். முன்பு அதிகமாக மதிப்பிடப்பட்டவர் இன்னும் அதிகமாகக் கட்டுவார். ஒரே தெருவில் ஒரே அளவு கொண்ட இரண்டு வீடுகளில், அண்மையில் கட்டி முழுமையாக அளக்கப்பட்ட வீட்டுக்கு ஒரு தொகை, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓட்டு வீடாகப் பதிவாகிப் பின்னர் சத்தமில்லாமல் மாடி எழுப்பிய வீட்டுக்கு அதில் பாதி என்ற நிலை இப்படித்தான் நீடிக்கிறது. 2024 அக்டோபர் முதல் சேர்ந்த 6 விழுக்காட்டு உயர்வும் இதே கோணல் அடித்தளத்தின் மீது ஏறியதே. வரி கூடுதல் என்று சொல்லப்படும் மனக்குறைகளில் பாதி, அண்டை வீட்டை ஒப்பிட்டுப் பார்த்து எழுபவை. அவற்றை வெறும் முணுமுணுப்பு என்று தள்ள முடியாது.

விலக்குகள் சில. வழிபாட்டுத் தலங்கள், இடுகாடு சுடுகாடுகள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்விக் கட்டடங்கள், வாடகை வாங்காத சத்திரங்கள் போன்றவை நெடுங்காலமாக வரிக்கு வெளியே. விழுப்புரத்துக்கென்று ஒரு பெரிய விலக்கு உண்டு: ரயில்வே. சென்னை, திருச்சி, கடலூர், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைகளுக்குத் தடம் பிரியும் சந்திப்பு அது. நிலையம், பணிமனை, குடியிருப்பு என நகரின் நடுவே பரந்த நிலம் ஒன்றிய அரசுக்குச் சொந்தம். அரசமைப்புச் சட்டத்தின் 285-ஆவது பிரிவு ஒன்றிய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி விதிப்பதைத் தடுக்கிறது. வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் தரலாம். ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, நகராட்சிச் சேவைகளை முழுமையாகப் பெறும் ஒன்றிய அரசுச் சொத்து வரியில் 75 விழுக்காட்டையும், ஓரளவு பெறுவது 50 விழுக்காட்டையும், எதையும் பெறாதது மூன்றில் ஒரு பங்கையும் சேவைக் கட்டணமாகத் தர வேண்டும். ரயிலடியால் வளர்ந்த ஊர் அந்த ரயிலடியிடம் வரி கேட்க முடியாது. கட்டணத்துக்கு உடன்பாடு பேச முடியும்.

தன் வரியைத் தெரிந்துகொள்ள முன்பெல்லாம் நகராட்சி அலுவலகத்தில் வருவாய்ப் பிரிவுப் பதிவேட்டைப் புரட்டச் சொல்ல வேண்டும், அல்லது தெருவுக்கு வரும் பில் கலெக்டரைப் பிடிக்க வேண்டும். இப்போது நகராட்சி நிர்வாகத் துறையின் ‘டிஎன் அர்பன் இ-பே’ இணையதளத்தில் மாவட்டத்தையும் நகராட்சியையும் தேர்ந்தெடுத்து, வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்தால் நிலுவையும் நடப்புத் தொகையும் தெரியும். எண் இல்லாதவர்கள் பழைய ரசீதைத் தேட வேண்டும். அதில் இருப்பது பழைய எண்ணாக இருந்தால் புதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். வார்டு எல்லைகள் திருத்தப்பட்டதும் கதவு எண்கள் மாறியதும் இந்தத் தேடலைக் கடினமாக்குகின்றன. ஒரே கதவில் மூன்று எண்கள் ஒட்டியிருக்கும் வீடுகள் இரண்டு ஊர்களிலும் ஏராளம். மின் கட்டண அட்டையில் ஒன்று, ரேஷன் அட்டையில் ஒன்று, வரி ரசீதில் ஒன்று. தாத்தா பெயரில் இருக்கும் வரிவிதிப்பைப் பேரன் தன் பெயரில் தேடிவிட்டுக் காணவில்லை என்று திரும்புவதும் நடக்கிறது.

நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள கிராமங்களில் கதை வேறு. அங்கே 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் கிராம ஊராட்சி வீட்டு வரி விதிக்கிறது. அதற்குத் தனி இணையதளம் இருக்கிறது. எல்லை ஓரத்தில் மனை வாங்குபவர்கள் எந்தத் தளத்தில் தேடுவது என்று குழம்புவதுண்டு. கோட்டக்குப்பம் போலப் பேரூராட்சியாக இருந்து 2021-இல் நகராட்சியான ஊர்களில் பதிவுகளே இடம் மாறுகின்றன.

பணம் கட்டும் வழிகள் இன்று பல. இணையதளத்தில் அட்டை, நெட் பேங்கிங், யுபிஐ. அலுவலகக் கணினி மையத்தில் ரொக்கம், காசோலை, வரைவோலை. வீடு தேடி வரும் ஊழியரின் கையடக்கக் கருவி. எந்த வழியில் கட்டினாலும் ரசீது கணினியில் உண்டான எண்ணோடு இருக்க வேண்டும். கையால் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தால் அது கணக்கில் ஏறியதற்குச் சாட்சி கிடையாது.

காலத்தில் கட்டினால் லாபம் உண்டு. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் வரியில் 5 விழுக்காடு ஊக்கத்தொகை. உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு தனிவட்டி. ஒருவர் இரண்டு அரையாண்டும் காலத்தில் கட்டினால் பெறும் கழிவும், ஓராண்டு தள்ளிக் கட்டுபவருக்கு ஏறும் 12 விழுக்காடும் சேர்ந்து 17 விழுக்காட்டு வித்தியாசம். வங்கி வைப்புத்தொகை எதுவும் தராத பலன் இது. இருந்தும் மார்ச் மாதக் கடைசி வாரத்தில்தான் கவுன்டரில் கூட்டம் நெரிகிறது. ஊக்கத்தொகை பற்றிய அறிவிப்பு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவதில்லை. ஜப்தி எச்சரிக்கைதான் வருகிறது. கட்டாத வரி அந்தச் சொத்தின் மீதான முதல் பொறுப்பு என்பது பழைய சட்டத்திலேயே உள்ள விதி. விற்றாலும் நிலுவை சொத்தோடு போகும். ஆகவே கிரயம் பேசும்போது வில்லங்கச் சான்றோடு நடப்பு வரி ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும். காலிமனைக்கும் வரி உண்டு என்பது திண்டிவனத்தைச் சுற்றி மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு, கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் நினைவுக்கு வருகிறது.

சொத்து கைமாறினால் வரிவிதிப்பிலும் பெயர் மாற வேண்டும். கிரயப் பத்திரம், பட்டா, வரி ரசீது ஆகிய மூன்றும் மூன்று துறைகளின் காகிதங்கள். முதலாவது பதிவுத்துறை, இரண்டாவது வருவாய்த்துறை, மூன்றாவது நகராட்சி. ஒன்றில் பெயர் மாறியதால் மற்றொன்றில் மாறிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. வாரிசுகளென்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். பாகப்பிரிவினை ஆகாத வீட்டில் ஒரு தம்பி மட்டும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் போய் வழக்காவது அடிக்கடி நடப்பது.

வரி ரசீது உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. அந்தக் காகிதத்துக்கு நடைமுறையில் உள்ள மதிப்போ அதைவிடப் பெரிது. மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, வங்கிக் கடன், முகவரிச் சான்று எல்லாவற்றுக்கும் அதைக் கேட்கிறார்கள். புறம்போக்கில் வீடு கட்டிக்கொண்ட ஏழைகள் வலியப் போய் வரி விதிக்கச் சொல்லிக் கேட்பது இதனால்தான். பட்டா கிடைக்காத இடத்தில், இத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறோம் என்று காட்ட அவர்களிடம் உள்ள ஒரே அரசு முத்திரை வரி ரசீது. நகராட்சி வரியை வாங்கிக்கொண்டே, நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று சொல்லி வெளியேற்றும் அறிவிப்பையும் கொடுக்கும். சட்டப்படி இரண்டும் ஒரே நேரத்தில் செல்லும். வரி கட்டுவதை உரிமையின் தொடக்கமாக நம்பியவர்களுக்கு இதை விளக்குவது எளிதல்ல.

விதித்த வரி தவறென்று நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, தன் வீட்டுக்கான அளவு, மண்டலம், கட்டட வகை, பயன்பாடு ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவது. நகராட்சி தானாகத் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. புதிய வரியோ உயர்வோ விதிக்குமுன் சிறப்பு அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அதில் சொன்ன கெடுவுக்குள் ஆணையருக்குச் சீராய்வு மனு கொடுக்கலாம். பெரும்பாலான பிழைகள் அளவிலும் பயன்பாட்டிலும் இருப்பவை: மூடிக் கிடக்கும் முன்கட்டு இன்னும் கடையாகப் பதிவாகியிருப்பது, பக்கத்து வீட்டின் மாடி இவர் கணக்கில் சேர்ந்திருப்பது போன்றவை. இவை நேரில் வந்து அளந்தால் தீர்ந்துவிடும். வீடு நீண்ட நாள் காலியாக இருந்தால் பழைய சட்டம் வரித்தள்ளுபடி கொடுத்தது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதால் அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

ஆணையரின் முடிவிலும் நிறைவில்லாதவர் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் அமைந்த மன்றங்கள் தேர்ந்தெடுத்த குழுக்களில் இதுவும் ஒன்று. நியமனக் குழு, ஒப்பந்தக் குழு ஆகியவற்றில் இடம் பிடிக்கக் கவுன்சிலர்கள் காட்டும் ஆர்வம் இதில் இருப்பதில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்பதே வரி கட்டுபவர்களுக்குத் தெரியாததால், அதன் முன் வரும் மனுக்களும் சொற்பம். சட்டத்தின் கண்ணில் இது நீதிமன்றத்துக்கு முந்தைய படி. விசாரித்து, காரணம் சொல்லி ஆணையிட வேண்டிய அமைப்பு. அறிவிப்பே கொடுக்காமல் உயர்த்திய வரியை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனவர்களில் பலருக்குக் கிடைத்த ஆணை, நகராட்சியே மீண்டும் விசாரித்து முடிவு செய்யட்டும் என்பதுதான். அதாவது கோப்பு சென்னைக்குப் போய், அதே அலுவலகத்தின் அதே மேசைக்குத் திரும்பி வந்து, அங்கே முதல் நாளே செய்திருக்க வேண்டிய அளவெடுப்பு நடக்கும்.